கலை வரலாறு: விண்ணப்பிக்கும் முன் சில குறிப்புகள்

மந்தைவெளியில் எங்களுக்கு அடுத்த தெருப் பையன், பிளஸ் டூ முடித்த கையோடு வந்து நின்றான். "அண்ணா, கலை வரலாறு டிகிரி எங்க இருக்கு? மெட்ராஸ்லயே கிடைக்குமா?" எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. எனக்குத் தெரிந்த கலை வரலாறு, 'தமிழக வரலாறும் பண்பாடும்' தாளுக்காக மனப்பாடம் செய்ததுதான். மகேந்திரவர்மன் என்றால் குடைவரை, ராஜராஜன் என்றால் பெரிய கோயில், நாயக்கர் என்றால் ஆயிரங்கால் மண்டபம். மன்னர் பட்டியலுக்குப் பக்கத்தில் கட்டடப் பட்டியல். கல்லைத் தொட்டவன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவனுக்காக விசாரிக்கப் போய்த்தான் இந்தப் படிப்பின் இருப்பிடம் பிடிபட்டது. சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது எழும்பூர்ப் பக்கம் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இங்கே ஓவியமும் சிற்பமும் படிக்கலாம். சேர்வதற்குக் கைத்திறன் தேர்வு உண்டு. கலை வரலாறு அவற்றோடு சேர்ந்து வருகிற பாடம், தனிப் பட்டமல்ல. இது தற்செயலானதா? காலனிய அரசுக்குத் தேவைப்பட்டவர்கள் நல்ல கைவினைஞர்கள். 1890களின் கடைசியில் சேட்டர்டன் என்ற ஆங்கிலேயர் இதே பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார் (நம் வீட்டு அலுமினியச் சட்டிக்கும் ஒரு கலைப் பள்ளி வம்சாவளி உண்டு). செய்கிறவன் ஒருவன், அதைப் பற்றி எழுதுகிறவன் வேறொருவன் என்ற பிரிவினை பாடத்திட்டத்துக்குள் நுழைந்த கதை இது. சாதி இதை ஏற்கெனவே நமக்குப் பழக்கியிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

இன்னொரு வாசல் கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ். அதன் நுண்கலைத் துறை, முதுகலையில் நுண்கலை வரலாற்றைத் தனியாகவே நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அது பெண்கள் கல்லூரி. பையனிடம் சொன்னபோது, "தங்கச்சிக்குச் சொல்லி வைக்கிறேண்ணா" என்றான்.

இளநிலையிலேயே கலை வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டுமென்றால் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், சாந்திநிகேதனில் 1919இல் தொடங்கிய கலா பவனம் என்று ரயில் ஏற வேண்டும். ரயில் செலவைவிடப் பெரிய தடை மொழி. மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவன் ஆங்கிலத்தில்தான் ஒரு சிற்பத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலும் இதற்குப் பணக்காரப் பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பெயர். 2016இல் அங்கே பள்ளி மேல்வகுப்புத் தேர்விலிருந்து கலை வரலாற்றை நீக்குவதாக ஒரு தேர்வு அமைப்பு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியபின் இன்னொரு அமைப்பு எடுத்துக்கொண்டது.

தமிழில் இந்தத் துறைக்கு ஆளே இல்லையா? நம் பக்கத்து மயிலாப்பூரில் 1900இல் பிறந்த சீனி வேங்கடசாமி ஓவியம் கற்க எழும்பூர்ப் பள்ளிக்குப் போனவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதி, 1956இல் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' நூலைக் கொண்டுவந்தார். கட்டடம், சிற்பம், ஓவியத்தோடு கூத்தையும் காவியத்தையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார். பெருமை பேசும் தொனி அதில் உண்டு, விமர்சிக்கலாம். ஆனால் விமர்சிக்கவாவது அடுத்த தலைமுறை அந்த வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். தமிழ்த் துறை அவரைச் சமண பௌத்த ஆய்வாளராக வாங்கிக்கொண்டு மற்றதை மேற்கோளாகச் சுருக்கிவிட்டது.

விண்ணப்பத்தோடு அனுப்ப 'ஏன் இந்தப் படிப்பு' என்று ஒரு பக்கம் எழுதிப் பார்க்கச் சொன்னேன். பையன் எழுதி வந்தது: "தமிழரின் ஈடு இணையற்ற கலைப் பாரம்பரியம்..." அடித்துவிட்டேன். மெரினா உழைப்பாளர் சிலைக்குக் கூட்டிப் போனேன். 1959இல் திறக்கப்பட்டது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். "என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லு" என்றேன். அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தான். "யாருக்கும் முகம் முக்கியமில்லண்ணா, முதுகுதான் வேலை செய்யுது" என்றான். சிற்பி முதல்வராக இருந்த கலைப் பள்ளியின் காவலாளி ஒருவர்தான் இதற்கு மாதிரியாக நின்றவர் என்று சொல்வதுண்டு என்றேன். "அவர் பேரை ஏன் கல்லுல போடல?"

கலை வரலாறு என்ற படிப்பு இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. என்ன பொருளால் ஆனது, காசு யார் கொடுத்தது, முதலில் எங்கே இருந்தது, இப்போது இருக்கும் இடத்துக்கு எப்படி வந்தது? அமராவதித் தூபியின் கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன, லண்டனிலும் இருக்கின்றன. அந்தப் பயணத்தைச் சொல்லாமல் அவற்றின் அழகை மட்டும் சொல்வது பாதிப் பாடம்.

பையனுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர். பிளக்ஸ் வந்தபின் தூரிகையைப் பரணில் போட்டுவிட்டு, ஒரு அச்சுக் கடையில் பேனர் மடித்துக் கொடுக்கிறார். அதை எழுதச் சொன்னேன். "அது எப்படிண்ணா கலை வரலாறு ஆகும்?" என்றவன் இரண்டு நாள் கழித்து மூன்று பக்கத்தோடு வந்தான். 'ழ'வின் வாலை அப்பா எந்தக் கடைக்கு எப்படி வளைத்தார் என்பதிலேயே ஒரு பக்கம். தமிழில் எழுதியிருந்தான். இருவரும் உட்கார்ந்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறோம். 'வளைவு' என்பதற்கு அவன் அப்பா சொல்லும் சொல்லுக்கு மட்டும் இன்னும் ஆங்கிலம் கிடைக்கவில்லை.