தெருவில் நின்று எழுதிய பத்திரிகையாளர்

நகரத் திட்டம் என்றதும் பொறியாளரும் மாநகராட்சியும்தான் நம் நினைவுக்கு வரும். அதில் ஒரு பத்திரிகையாளருக்கு என்ன வேலை? அமெரிக்காவின் ஜேன் ஜேக்கப்ஸ் செய்து காட்டினார்.

1952-இல் நியூயார்க்கில் ஒரு கட்டடக்கலை இதழில் சேர்ந்தார். கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். ஃபிலடெல்ஃபியாவின் நகரத் திட்டத் தலைவர் எட்மண்ட் பேக்கன் அவருக்கு இரண்டு தெருக்களைக் காட்டினார். பழைய தெருவில் வாசற்படியெல்லாம் மக்கள். இடித்துப் புதிதாக்கிய தெருவிலோ ஒரேயொரு சிறுவன் டயரை உதைத்துக் கொண்டிருந்தான். மக்கள் எங்கே போனார்கள் என்று ஜேக்கப்ஸ் கேட்டார். பேக்கனுக்கு அந்தக் கேள்வியே முக்கியமாகப் படவில்லை.

பிறகு நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் நடந்தே சுற்றினார். குடிசைப் பகுதிகளை அகற்றி அடுக்குமாடிகள் கட்டியிருந்தார்கள். வீடு கிடைத்தது, தெருக் கடைகள் போய்விட்டன. கடை போனால் வியாபாரம் மட்டுமா போகிறது? வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்து வைக்கவும், ஓடும் பிள்ளையை அதட்டி நிறுத்தவும் இருந்த ஆளும் போய்விடுகிறார். தெருவின் பாதுகாப்பு இப்படிப்பட்டவர்களின் கண்களில்தான் இருக்கிறது என்று 1961-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கீழ் மன்ஹாட்டனைப் பிளக்கவிருந்த விரைவுச் சாலையை எதிர்த்ததில் 1968-இல் கைதானார். அடுத்த ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது.

தெருவைப் பற்றிய இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. பாதையோரம் உட்காருவதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அங்குதானே நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது.

பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் மார்க்கத்தில் தெருவைக் கண்காணிப்பது எப்படி என்று சிலர் கேட்கலாம். அந்நியரை உற்றுப் பார்க்காதே என்பதுதான் அதன் பொருள். தெருவில் ஒரு பிள்ளை அடிபடும்போது முகத்தைத் திருப்பிக்கொள் என்பதல்ல. அதே ஹதீஸின் கடைசிப் பகுதியே இதைத் தெளிவாக்கிவிடுகிறது.

தொல்லை தராதிருப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். ஜும்ஆவுக்கு விரைந்து வந்து பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறோம். குழந்தையைத் தூக்கி வரும் தாய் நடுரோட்டில் இறங்கி நடக்கிறாள். சில மஹல்லாக்களில் இளைஞர்கள் பாங்குக்கு முன்பே வந்து நின்று வண்டிகளை ஒருபக்கமாக நிறுத்த வைக்கிறார்கள். குத்பா தொடங்கும்போது பாதை திறந்திருக்கிறது.