நடவாத விபத்தின் கணக்கு

அணு உலையை ஊருக்கு எவ்வளவு தூரத்தில் அமைக்கலாம் என்ற பிரச்சினையை ஆராய 1947-இல் அமெரிக்க அணுசக்திக் கமிஷன் எட்வர்ட் டெல்லரின் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தபோது, வழிகாட்டுவதற்குப் பழைய அனுபவம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லாமையால், அக்குழுவினர் நிகழக்கூடிய விபத்துக்களுள் மிகக் கொடியதை மனத்தில் வரித்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடத் தொடங்கினர். உலையின் வெப்பசக்தியைக் கிலோவாட்டில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை நூறால் வகுத்தால், குடியிருப்பு விலக்கவேண்டிய வட்டத்தின் ஆரம் மைல் கணக்கில் கிடைக்கும் என்பது 1950-இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம். ஒஹையோவில் சண்டஸ்கி நகரருகே பிற்பாடு எழுந்த பிளம் புரூக் சோதனை உலையின் 60,000 கிலோவாட்டுக்கு இச்சூத்திரம் கேட்பது ஏறத்தாழ இரண்டரை மைல். முப்பது லட்சம் கிலோவாட்டுக்கோ பதினேழு மைலுக்கும் மேல். அவ்வளவு நிலத்தை யார் வாங்குவது? ஆகவே உலையையே எஃகுக் கூட்டுக்குள் அடைக்கும் யுக்தி பிறந்து, நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் மில்ட்டனில் 225 அடி விட்டமுள்ள கோளம் ஒன்று எழும்பியது.

கற்பனையைப் பரிசோதனையால் சரிபார்க்கவும் துணிந்தார்கள். 1954 ஜூலை 22-இல், ஐடஹோ பாலைநிலத்தில், போராக்ஸ் என்னும் சிறு உலையின் கட்டுப்பாட்டுக் கோலை வேண்டுமென்றே ஒரே வீச்சில் வெளியேற்றியபோது, சில எரிபொருள் தகடுகள் உருகுமென்று எதிர்பார்த்த விஞ்ஞானிகளின் கண்ணெதிரே, அந்த உலை முழுவதுமே வெடித்துச் சிதறியது! கணக்கிட்டதற்கும் அதிகமான சக்தி வெளிப்பட்டுவிட்டது. பென்சில்வேனியாவில் வெஸ்டிங்ஹவுஸ் சோதனை உலையில் 1960 ஏப்ரல் 3-இல் நேர்ந்ததோ யாரும் வேண்டிச் செய்ததன்று. சக்தியை உயர்த்திக்கொண்டிருக்கையில் எரிபொருள் கூறு ஒன்று உருகிவிட்டது.

1962-இல் அதே கமிஷன் வகுத்த இடத்தேர்வு விதிகளும், அவற்றுடன் சேர்த்துப் படிக்கவேண்டியிருந்த கணக்கு நூலும், விபத்து எவ்விதம் தொடங்கிற்று என்ற விசாரணையை ஒதுக்கிவிட்டு, எரிபொருள் உருகியது, அதிலிருந்த கதிரியக்கப் பொருள்களுள் மந்த வாயுக்கள் அனைத்தும், அயோடின் இனத்தில் பாதியும், ஏனைய திடப்பொருள்களில் நூற்றில் ஒரு பங்கும் கூட்டுக்குள் பரவின என்றே வைத்துக்கொண்டன. அறியாமையை ஒப்புக்கொண்டு அதன்மேலேயே கணக்கை எழுப்பிய இந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கூட்டிலிருந்து கசியும் வாயு காற்றோட்டம் குன்றிய வேளையில் மெல்ல நகர்ந்துவர, வேலியோரத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும் மனிதனுக்கு கதிர்வீச்சு உடல் முழுதும் 25 ரெம்முக்கோ, தைராய்டுச் சுரப்பியில் 300 ரெம்முக்கோ மேற்படக் கூடாது என்று அவ்விதிகள் வரையறுத்தன. இவை விபத்துக் காலத்தில் மக்கள் ஏற்கத்தக்க அளவுகள் என்று கொள்ளலாகாது, இடத்தின் தகுதியை மதிப்பிடுவதற்கான எண்கள் மட்டுமே என்று அவ்விதியின் அடிக்குறிப்பே கூறிவிட்டது.