இதமான குளிர்காலத்தை நம்பலாமா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் டிசம்பரும் ஜனவரியும் பனி அதிகமில்லாமல் கழிந்தால் பலருக்கும் நிம்மதிதான். மாடு வளர்ப்போருக்குத் தீவனச் செலவு குறைகிறது. ஆழ்ந்த பனியில் கால் புதைந்து தவிக்கும் மான்களுக்கு மேய்ச்சல் கிடைக்கிறது. அதே நிலத்தில் வாழும் சேஜ் கிரவுஸ் பறவைக்கும் இது நல்ல காலமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது அவசர முடிவு. இதமான குளிர்காலம் பறவையின் அன்றாடத்தைக் கொஞ்சம் எளிதாக்கலாம். அதன் வாழிடம் எவ்வளவு குறுகிப்போயிருக்கிறது என்பதை மறைத்துவிடவும் கூடும். அடுத்த கோடையின் தொல்லைகள் பலவும் அப்போதுதான் முளைவிடுகின்றன. ஆகவே கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாத காலம் இது.

சேஜ் கிரவுஸ், கோழியும் மயிலும் காடையும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. நன்கு வளர்ந்த சேவல் 3 கிலோ வரை இருக்கும். இளவேனில் விடியற்காலைகளில் சேவல்கள் ‘லெக்’ எனப்படும் திறந்தவெளிகளில் கூடி, மார்பிலுள்ள மஞ்சள் காற்றுப்பைகளை உப்பவைத்து ஆடுவது பெயர்பெற்ற காட்சி. குளிர்காலத்திலோ அதற்கு ஏறக்குறைய ஒரே உணவு, சேஜ்பிரஷ் புதரின் இலை. நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த புதர் அது, வாசனையும் தூக்கலானது. அந்த வாசனையைத் தரும் வேதிப்பொருள்கள் பல விலங்குகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தானியத்தை அரைக்கும் வலுவான அரைவைப்பை இல்லாத இந்தப் பறவையோ, அந்த இலையைத் தின்றே குளிர்காலத்தில் எடை கூடுகிறது. கடுங்குளிரில் பனிக்குள் குழி பறித்துப் பதுங்கவும் அதற்குத் தெரியும். ஆக, குளிர் அதன் முதல் எதிரி இல்லை. பனிக்கு மேலே தலைநீட்டும் சேஜ்பிரஷ் கிடைக்காமல் போவதே அதற்கு ஆபத்து.

இதமான குளிர்காலம் மறைப்பதும் இதைத்தான். பனி குறைந்தால் குட்டைப் புதர்களும் வெளியே தெரியும்; பறவைகள் பரந்த நிலமெங்கும் சிதறி மேயும். பார்ப்பவருக்கு வாழிடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். கடும் பனி விழுந்தால் நிலைமை வேறு. உயரமான புதர்கள் நிற்கும் பள்ளங்களிலும், காற்று பனியை அடித்துச்செல்லும் மேடுகளிலும் பறவைகள் நெருங்கிக் கூடிவிடும். கொலராடோவின் நார்த் பார்க் பகுதியில் நடந்து 1977இல் வெளியான ஆய்வு ஒன்று, குளிர்காலத்தில் சுமார் 80 சதவீதப் பறவைகள் அங்குள்ள சேஜ்பிரஷ் நிலத்தில் 7 சதவீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே காணப்பட்டன என்று காட்டியது. பனியில்லாத ஆண்டின் பதிவை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், உயிர்காக்கும் இந்தச் சிறு புகலிடங்கள் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும். பறவையே இல்லாத இடம்தானே என்று அங்கே சாலையோ எண்ணெய்க் கிணறோ வந்துவிட்டால், அடுத்த கடும் பனியில் பறவைக்குப் போக்கிடம் இருக்காது.

களத்தில் தடயம் வாசிப்பதும் சிக்கலாகிறது. புதுப் பனியில் பதிந்த கால்தடம், பறவை வந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை என்று சொல்லிவிடும். வெறும் தரையில் அந்த வசதி இல்லை. இரவு தங்கிய இடத்தில் குவியலாகக் கிடக்கும் எச்சங்கள் நார் நாராக, சுண்டுவிரல் பருமனில் இருக்கும். வறண்ட நிலத்தில் அவை நெடுநாள் அப்படியே கிடப்பதால், இந்த வாரத்தவையா போன பருவத்தவையா என்று பிரிப்பது எளிதல்ல. புதரையே கிட்டப்போய்ப் பார்ப்பது பயன் தரும். பறவை இலையின் நுனியைக் கொத்தி எடுத்து அடிப்பகுதியைக் காம்போடு விட்டுவிடும். முயல் கடித்தால் குச்சியே சீவியதுபோல் சரிவாக அறுந்திருக்கும். எந்தப் புதர் கொத்தப்பட்டது, எது தொடப்படவில்லை, அதன் உயரம் என்ன, அடியில் என்ன முளைத்திருக்கிறது என்ற குறிப்புகள் தலைக்கணக்கைவிட அதிகம் சொல்லும்.

அடியில் முளைப்பது ஏன் முக்கியம்? யூரேசியாவிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்னும் ஓராண்டுப் புல் இலையுதிர்கால மழையில் முளைத்து, மண் உறையாத வரை குளிர்காலத்திலும் வேர்விடுகிறது. கோடை தொடங்கும்போதே காய்ந்து, தீக்குத் தயாராகிவிடுகிறது. பெருஞ்சேஜ்பிரஷ் எரிந்தால் வேரிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை. பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்னொரு பக்கம், மலைப்பனி குறைந்தால் ஈரப் புல்வெளிகள் கோடையில் சீக்கிரம் வற்றுகின்றன. தாய்ப்பறவை குஞ்சுகளை அழைத்துச் செல்வது பூச்சியும் பசுந்தழையும் நிறைந்த அந்த இடங்களுக்குத்தான். 2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பனி சராசரியில் வெறும் 5 சதவீதமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐடஹோ–ஒரிகன் எல்லையில் மின்னலால் மூண்ட சோடா தீ சுமார் 2.8 லட்சம் ஏக்கரை எரித்தது. அந்தத் தீயின் பழியை முழுவதும் குளிர்காலத்தின் தலையில் போட முடியாது. பருவ மழையும் காற்றும் புல்லின் அடர்த்தியும் சேர்ந்தே பெருந்தீயை உண்டாக்குகின்றன. ஆனால் அந்தப் புல்லின் வளர்ச்சியைக் குளிர்காலத்திலேயே பார்த்துவிட முடியும்.

இளவேனிலில் லெக்குகளில் சேவல்களை எண்ணுகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கை அவசியம்தான். ஆனால் சேஜ் கிரவுஸ் எண்ணிக்கை இயல்பாகவே சில ஆண்டுகள் ஏறிச் சில ஆண்டுகள் இறங்கும். ஒரு நல்ல ஆண்டின் ஏற்றம் நெடுங்காலச் சரிவை மூடிவிடும். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி 1965 முதல் இந்த இனம் சுமார் 80 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்படியானால் 2015இல் அரசு ஏன் இதை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை என்பது அடுத்த கேள்வி. பொது நிலங்களில் வாழிடத்தைக் காக்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வருகின்றன என்ற நம்பிக்கையே அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம். வாழிடத்தைத் தொடர்ந்து அளக்காவிட்டால் அந்த நம்பிக்கைக்கே அடித்தளம் இல்லை.

கடும் பனியும் பறவைகளைக் கொல்லும் என்பது உண்மை. அதனால் இதமான குளிர்காலத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். அப்போது கிடைக்கும் பதிவுகளைக் கடும் பனி ஆண்டுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டே வரைபடம் வரைய வேண்டும். பறவை வராத ஆண்டிலும் உயரமான சேஜ்பிரஷ் நிலங்களுக்குக் காவல் தொடர வேண்டும். கோடையில் தீயை அணைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, குளிர்காலத்திலேயே புல்லைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்தச் செலவிடுவதே அறிவுடைமை.