உங்களுக்குத் தெரியுமா? ஒரே எண்ணில் ஒரு கணக்கின் நிலை

அலுவலகக் கணினியில் உங்கள் பயனர் கணக்கு இயங்குகிறதா, முடக்கப்பட்டுள்ளதா என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பெயர் ‘யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்’.

■ 512: சாதாரணக் கணக்கு
■ 2: முடக்கப்பட்டது
■ 65536: கடவுச்சொல் காலாவதியாகாது

மூன்றும் சேர்ந்தால் 66050. ஒவ்வொன்றும் 2-இன் அடுக்கு என்பதால், எவையெவை சேர்ந்தன என்று குழப்பமின்றிப் பிரித்தறியலாம்.

நிரலாளர்கள் கவனத்துக்கு: ஏற்கெனவே முடக்கிய கணக்கின் 514-உடன் மீண்டும் 2-ஐக் கூட்டினால் 516, அதில் முடக்கக் குறியே இருக்காது! எனவே கூட்டாதீர்கள், ‘ஆர்’ செயற்குறியால் குறியை இடுங்கள், ‘அண்ட்’, ‘நாட்’ இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி அதை நீக்குங்கள்.

சென்னையில் வளர்ந்த சோஹோவின் ‘ஏடிமேனேஜர் பிளஸ்’, இத்தகைய கணக்குகளை நிர்வகிக்கவே உருவான மென்பொருள்.