வெள்ளையாக வரைந்த உதிரம்

மாணவிகளுக்கு மாதவிடாயை விளக்க வால்ட் டிஸ்னி நிறுவனம் 1946இல் ஒரு கார்ட்டூன் படமே எடுத்தது. ஓடும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். செலவை ஏற்றது கோடெக்ஸ் நாப்கின் தயாரித்த கிம்பர்லி கிளார்க். படத்தோடு பிள்ளைகளின் கையில் ஒரு சிறு கையேடும் கிடைத்தது. பாடமும் விளம்பரமும் ஒன்றாகவே வகுப்பறைக்குள் வந்தன என்பதை மறக்கக்கூடாது.

ஆனாலும் மாதவிடாய் நாட்களில் குளிக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம் என்று அந்தப் படம் வெளிப்படையாகச் சொன்னது. அக்காலத்துக்கு அது பெரிய துணிச்சல்தான். உதிரத்தை மட்டும் சிவப்பாகக் காட்டவில்லை, வெள்ளையாக வரைந்தார்கள்.

அதே டிஸ்னியின் பிக்ஸார் 2022இல் வெளியிட்ட 'டேர்னிங் ரெட்' படத்தின் கதை நடப்பது எங்கள் ரொறன்ரோவில். இயக்குநர் டோமி ஷீ இங்கே வளர்ந்தவர். 13 வயது மகளுக்கு மாதவிடாய் தொடங்கிவிட்டதென்று எண்ணும் தாய், நாப்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுகிறார்!

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இப்போது 5ஆம் வகுப்பிலேயே மாதவிடாய் பாடமாக இருக்கிறது. ஆண், பெண் பிள்ளைகள் இருபாலருக்கும்தான். பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 60 இலட்சம் நாப்கின் முதலான பொருட்களை இலவசமாக வழங்கும் திட்டத்தை மாகாண அரசு 2021இல் அறிவித்தது.

அம்மாமாரே, அப்பாமாரே, சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பார்ப்பதற்கு வெகுமுன்பே பிள்ளையோடு இருந்து பேசுங்கள். சில பிள்ளைகளுக்கு 9 வயதிலேயே மாதவிடாய் தொடங்கிவிடுகிறது.