ஆக்சிலேட்டரிடம் கேளுங்கள்

தூங்கும் வண்டிகள் – 9

டேங்க்கின் துருவை எடுத்தாயிற்று, பெட்ரோல் ட்யூப் மாற்றியாயிற்று, வயரிங்கும் போன வாரத்தோடு முடிந்தது. இனி உதைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: இன்னும் இல்லை. கிடந்து கெட்ட என்ஜின்களைவிட, கிடந்த வண்டியை அவசரப்பட்டு உதைத்ததால் கெட்ட என்ஜின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம் கையில் இருப்பது தொண்ணூறுகளில் வந்த புல்லட் 350. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சி.சி. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய பரம்பரை. இந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. ஆயில் டேங்க் என்ஜின் உறைக்குள்ளேயே பின்பக்கம் இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிவிடும். அப்படியே உதைத்தால் கிக்கர் கல்லாக இருக்கும். எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும் சைலன்சரில் நீலப் புகை தெருவை மறைக்கும். உடனே “ரிங் போச்சு, போர் போடணும்” என்று சொல்ல ஆள் வந்துவிடுவார். ரிங் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை முழுதும் வடித்துப் புதிய ஆயில் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு என்ன புகை வருகிறதோ, அதைப் பற்றிப் பேசலாம்.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட்டை இறக்க வேண்டும். கிக்கரில் ஏறிக் குதித்து யாரும் பிஸ்டனை மீட்டதில்லை, கிக்கர் பல்லை உடைத்தவர்கள் உண்டு.

இப்போது கார்புரேட்டருக்கு வருவோம். இந்த வண்டியில் இருப்பது மிக்கார்ப் வி.எம்.24. அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றியதுமே வண்டி எத்தனை காலம் கிடந்தது என்பது தெரிந்துவிடும். பெட்ரோல் ஆவியாகிப் போன இடத்தில் பழுப்பாக ஒரு பிசின் படிந்திருக்கும். அதோடு வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் தண்ணீர் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் பத்து சதவீதத்தைத் தொட்டது. இன்று பம்புகளில் வருவது இருபது சதவீதம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். தொண்ணூறுகளில் செய்த வண்டிக்கு இந்த பெட்ரோலைப் பற்றித் தெரியாது. அதனால் ரப்பர் வளையங்கள், வாஷர், ஃப்ளோட் நீடில் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான்.

கிண்ணத்துக்குள் இரண்டு பித்தளை ஜெட்டுகள். பெரியது மெயின் ஜெட். ஒல்லியாக உள்ளே ஒளிந்திருப்பது பைலட் ஜெட், பட்டறையில் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, முதலில் அடைப்பதும் அதுதான். இதில் குண்டூசியையோ இரும்புக் கம்பியையோ விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பித்தளை மெத்தென்ற உலோகம். ஒருமுறை துளை பெரிதானால் அந்த ஜெட் பிறகு எந்த அளவுக்கும் கட்டுப்படாது. கிளீனரில் ஊறவைத்து, கரண்ட் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதனால் துழாவுங்கள். பிறகு பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்து வாங்கி வாருங்கள். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மாட்டுகிறவர்கள்தான் மறுபடி மறுபடி கழற்றுகிறார்கள். கார்புரேட்டரின் உடம்புக்குள் ஓடும் வழிகளும், என்ஜின் பக்கத்து வாயில் ஊசிமுனை போலத் தெரியும் சின்னத் துளைகளும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கிளீனர் அடித்தால் மறுபக்கம் பீய்ச்ச வேண்டும். அதுவரை மாட்டாதீர்கள்.

ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள். தொடங்குவதற்கு அது போதும்.

உதைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் நடுவுக்கு வந்து நின்றால் பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது. டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள இந்தப் பொறுமை அவசியம்.

வண்டி எழுந்துவிட்டது, ஆனால் ஓட்டம் சரியில்லை. இங்கேதான் பெரும்பாலோர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கண்ணில் பட்டதையெல்லாம் திருகத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து கீழே வையுங்கள். கைப்பிடி ரப்பரில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் ஆக்சிலேட்டர் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது?

மூடிய நிலையிலும் அதிலிருந்து ஒரு விரல் திறப்பிலும் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக. சோக் போட்டால்தான் நிற்கும், எடுத்தால் அணைந்துவிடும் என்றால் குற்றவாளி அதுதான். கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடிலின் ராஜ்ஜியம். அங்கே இடித்தால் நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, நீடில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முக்காலுக்கு மேல் முறுக்கும்போது மட்டும் மூச்சு வாங்கினால் மெயின் ஜெட், அல்லது டேங்க்கிலிருந்து பெட்ரோல் போதிய வேகத்தில் இறங்கவில்லை. ஐட்லிங்கில் வரும் கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றிய வண்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாற்றியவர்களுக்கு ஆக்சிலேட்டர் என்ன சொன்னது என்று கேட்கத் தோன்றவில்லை.

சோக்கும் ஒரு சாட்சி. இடிக்கிற இடத்தில் சோக்கைப் பாதி இழுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் பற்றவில்லை, மோசமானால் அதிகம். பிளக்கின் நுனியும் அதையே சொல்லும்: வெளுத்திருந்தால் பற்றாக்குறை, கரி அப்பியிருந்தால் மிகுதி, செங்கல் நிறம் என்றால் சரி.

இவ்வளவும் பார்த்த பிறகும் வண்டி அடங்கவில்லையா? கார்புரேட்டர் நிரபராதியாக இருக்கலாம். முறுக்கி விட்டால் வேகம் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கிறது என்றால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பு காற்று இழுக்கிறது. ஐட்லிங்கில் அந்த இடத்தில் துளி கிளீனர் அடித்தால் சத்தம் மாறும். சூடான சைலன்சரில் படாமல் அடிக்க வேண்டும், தீப்பிடிக்கும். குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ்ஸிங் வந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள், பாயிண்ட் கருகியிருக்கும். பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பட்டுக்கு இந்த என்ஜினில் இடைவெளியே கிடையாது: என்ஜின் குளிர்ந்திருக்கையில், கம்ப்ரஷன் உச்சியில், புஷ்ராடை விரலால் தடையில்லாமல் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இன்னொன்று, கொஞ்ச தூரம் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டி. நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. இதற்காகக் கார்புரேட்டரையே புதிதாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியானதும், சில கிலோமீட்டர் ஓட்டி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங் வையுங்கள். ஏர் ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் கால் சுற்று திருப்பி, வேகம் கூடிச் சீராக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள், பிறகு ஸ்லைடு ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். எண்ணிவிடலாம் போல மெதுவாகத் துடிக்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆயில் பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுழல்கிறது. ஐட்லிங் குறையக் குறைய ராக்கருக்கும் பிக் எண்டுக்கும் போகும் ஆயிலும் குறைகிறது. பல வருஷம் ஆயில் படாமல் கிடந்த என்ஜினுக்கு இந்த மாதம் அது வேண்டாம். சிக்னலில் தானாக அணையாத அளவுக்கு, கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

அடுத்த வாரம்: ஒட்டிப்போன கிளட்ச் பிளேட்டுகள்.