மேட்டுப் பங்களாவும் அச்சத்தின் நான்கு களன்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் எண்ணுபவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவை. முதல் மூன்றும் எவருக்கும் எளிதில் விளங்கும். வகுப்பறையில் மாணவரை நிறுத்தி வினவ வைப்பது நான்காவது. காக்க வேண்டிய தலைவனே அச்சத்துக்குக் களனாவது எங்ஙனம்? புக்கிட் பெலண்டோக்கைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த முன்னோர்க்கு இவ்வினா எழுந்திராது. மேட்டின்மேல் துரை பங்களா, பள்ளத்தில் லயம், துரையின் வண்டி ஓசை கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். அவர்களுக்கு இவ்விடத்தில் உரையாசிரியர் தேவைப்பட்டிரார்.

இந்நான்காம் களனை மனத்திற் கொண்டு, இன்று மாணவர் பெரிதும் விரும்பும் ஒரு கதை வகையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஊருக்கு அப்பால் தனித்து நிற்கும் ஒரு மாளிகை. அதற்குள் ஒரு சிலர். புதிதாக வந்து சேரும் ஒருவர். இரவில் ஓர் உருவம் அல்லது ஓர் ஓசை. உளவியல் திகில்கதை எனப்படும் இவ்வகை, பேய்க்கதையினின்று வேறானது. பேய்க்கதையில் பேய் உண்டு என்பது முடிந்த முடிபு. துப்பறியும் கதையில் இறுதியில் பேய் இல்லை என்றாகிவிடும். உளவியல் திகில்கதையோ கண்டது பேயா, கண்டவரின் மனமயக்கமா என்னும் இரு விளக்கங்களுக்கு நடுவே படிப்பவரை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது. அச்சத்தோடு மருட்கையும் கலந்த நிலை அது.

அவ்வாறு நிற்பதன் கொடுமையை இவ்வட்டாரத்தார் ஏட்டிலன்றி வாழ்விலேயே கண்டுள்ளனர். 1998-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு மூளைக் காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியில் புதிய வைரசு இனங்காணப்பட்டது. பன்றிகளிடமிருந்தே அது தொற்றியது என்பதும் தெளிவாயிற்று. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர். நாடு முழுவதும் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். காரணம் ஒன்றாயிருக்க, வேறொன்றைக் காரணமாகக் கொண்டு மக்கள் அஞ்சிய மாதங்கள் அவை. நாம் பேசும் கதை வகையும் அச்சத்தின் காரணத்தை முதலில் தவறாகவே சுட்டும்.

இவ்வகைக்கு முன்மாதிரியாகப் பலரும் காட்டுவது ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'த டர்ன் ஆஃப் த ஸ்குரூ' என்னும் குறுநாவல். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பிளை என்றொரு மாளிகை. பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனுக்கும் சிறுமி ஒருத்திக்கும் கல்வி புகட்ட இளம்பெண் ஒருத்தி அங்கே வருகிறாள். கோபுரத்தின்மேல் ஓர் ஆணையும் ஏரிக்கு அப்பால் ஒரு பெண்ணையும் காண்கிறாள். இருவரும் முன்பே இறந்துபோன பணியாளர்கள் என்று அறிகிறாள். ஆயின் அவ்வுருவங்களைக் கண்டதாகச் சொல்பவள் அவள் ஒருத்தியே. உடனிருக்கும் வீட்டுக் காரியக்காரி எதையும் காணவில்லை. கதையையும் அவளே சொல்கிறாள். இறுதியில் சிறுவன் அவள் கைகளிலேயே உயிர் விடுகிறான். எட்மண்ட் வில்சன் என்னும் திறனாய்வாளர் 1934-இல், அவ்வுருவங்கள் அவள் மனத்தின் படைப்பே என்று வாதிட்டார். அவ்வழக்கு இன்றளவும் ஓயவில்லை.

வில்சனை ஒட்டியும் வெட்டியும் எழுதியோர் அணங்கா, மனமா என்ற வினாவிலேயே நின்றுவிட்டனர் என்பது என் கருத்து. கதையின் தொடக்கத்தில் வரும் ஒரு நிபந்தனையை நோக்குக. பிள்ளைகளின் பெரியப்பனும் அவளுக்கு ஊதியம் தருபவனுமாகிய செல்வன் இலண்டனில் இருக்கிறான். எது நேரினும் தனக்கு எழுதக்கூடாது, தன்னைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்பதே அவன் ஆணை. பிளை மாளிகை தனித்து நிற்பது தொலைவினால் அன்று. அஞ்சல் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. சொல்லக்கூடாது என்ற கட்டளையே அதைத் தனிமைப்படுத்துகிறது. அணங்கின் பின்னால் இறை நிற்கிறான். தொல்காப்பியரின் முதற்களனும் நான்காம் களனும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.

மலாயாவுக்கு வருவோம். 1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத் தலைமையாசிரியர் பங்களாவில் எத்தல் பிரவுட்லாக் என்னும் ஆங்கிலப் பெண், ஈயச் சுரங்க மேலாளரான வில்லியம் ஸ்டுவர்டைச் சுட்டுக் கொன்றார். தம்மிடம் முறைகேடாக நடக்க முயன்றதால் சுட்டதாகக் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தூக்குத் தண்டனை விதித்தது. பின்னர் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கியதால் அவர் விடுதலை பெற்று இங்கிலாந்து சென்றார்.

இவ்வழக்கை அடியொற்றியே சாமர்செட் மாம் 'தி லெட்டர்' என்னும் சிறுகதையை எழுதினார். 1926-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் அது இடம்பெற்றது. அவர் செய்த ஒரு மாற்றம் நம் கவனத்துக்குரியது. நகரத்துப் பள்ளி வளாகத்தில் நடந்த கொலையை அவர் இரப்பர் தோட்டத்துப் பங்களாவுக்கு இடம்பெயர்த்தார். கணவன் சிங்கப்பூர் சென்றிருக்கும் இரவு, சுற்றிலும் மரங்கள், சான்று சொல்ல எவருமில்லை. கைதாகும் பெண் தன் கதையை ஒரு சொல்லும் மாறாமல் திரும்பத் திரும்பக் கூறுகிறாள். இறந்தவனுக்கு அவள் எழுதிய கடிதம் ஒன்று வெளிப்படும் வரை எல்லாரும் நம்புகின்றனர். பேயே இல்லாத இக்கதையில் ஒரு மனத்தின் இருட்டே திகிலாகிறது.

வில்லியம் வைலர் 1940-இல் இதைப் படமாக்கினார். படம் தொடங்குவது பங்களாவில் அன்று, தோட்டத்தில். நிலவொளியில் மரத்திலிருந்து பால் சொட்டுகிறது. (விடியலில் வெட்டிய மரம் பெரும்பாலும் முற்பகலுக்குள் சொட்டி ஓய்ந்துவிடும் என்பதை அறிந்தோர் இவ்விடத்தில் புன்னகைப்பர்.) கொட்டகையில் தொழிலாளர் படுத்திருக்கின்றனர். வெடியோசை கேட்டு விழிக்கின்றனர். அதன்பின் கதை பங்களாவுக்குள் புகுந்துவிடுகிறது. சான்று சொல்ல எவருமில்லை என்று கதை கருதுவதற்குக் காரணம் ஆளின்மை அன்று. கூப்பிடு தொலைவில் ஒரு லயமே இருந்தது. அங்கிருந்தோர் கேட்டதை எவரும் கேட்கவில்லை.

கதையில் மட்டுமன்றிக் கல்லிலும் இதைக் காணலாம். பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகையைச் சுற்றுலா சென்ற மாணவர் பலர் கண்டிருப்பர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய கட்டடம் அது. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து கட்டினர். 1918-இல் ஸ்பானிய காய்ச்சல் பரவி அவர்களிற் பலர் மாண்டபோது, எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோவில் வேண்டினர். ஸ்மித் கட்டிக் கொடுத்தார். கோவில் மேற்றளத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே அவருடைய உருவமும் நிற்கிறது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. இன்று அங்கே சொல்லப்படும் பேய்க்கதைகளில் மாடத்தில் உலவுபவர் ஸ்மித். செங்கல் சுமந்து இறந்தவர்கள் பேயாகக்கூட எண்ணப்படவில்லை. பேயாக உலவுவதற்கும் பெயர் வேண்டியிருக்கிறது போலும்!

தமிழர் நன்கறிந்த 'சந்திரமுகி' (2005) மொழி பயில்வோர்க்கு இன்னொரு வாயிலைத் திறக்கிறது. பூட்டிய அறையைக் கொண்ட பழைய அரண்மனை. அதில் குடியேறும் மணமகள். அவளுக்குள் புகுந்த இறந்த நடனமாது. அது பேய் அன்று, உள்ளப் பிளவு என்று உளநல மருத்துவர் விளக்குகிறார். பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்னும் மலையாளப் படமே இதன் மூலம். மூலத்தில் மணமகளுக்குள் இருந்து பேசுபவள் தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழில் எடுத்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்தியில் 'பூல் புலையா' (2007) ஆனபோது வங்காளி ஆனாள். கதை எம்மொழிக்குச் சென்றாலும் அணங்கு அண்டை மொழியில்தான் பேசுகிறது. அன்னியமான ஒலியே அச்சத்தின் குரலாக அமைகிறது. இதை ஒரு மொழிப் பாடத்துக்கே பொருளாக்கலாம். நான்காம் களனும் மறைந்திருக்கிறது: அந்நடனமாதைக் கொன்றவன் அம்மாளிகையின் தலைவன். மருத்துவர் மணமகளைக் குணப்படுத்துகிறார். கொலை செய்தவனின் அதிகாரத்தைப் பற்றிக் கதை அதிகம் பேசுவதில்லை.

நம் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பங்களாக்கள் சில பாழடைந்தும் சில இடிக்கப்பட்டும் போயின. அவற்றின் பின்கட்டு வழியே நுழைந்து சமைத்தவர்களும் பிள்ளை வளர்த்த ஆயாக்களும் தோட்ட வேலை பார்த்தவர்களும் ஓரிருவரேனும் நம் குடும்பங்களில் முதுமையுற்று இருக்கக்கூடும். ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்பிக் கேட்டு எழுதச் செய்யலாம். பேய்க்கதை கேட்டால் முதலில் பேய்க்கதையே கிடைக்கும். அதை முழுதும் கேட்டபின், அந்த வீட்டில் எதைப் பேசக்கூடாது என்றிருந்தது என்று கேட்க வேண்டும்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்க்கு ஒரு பயிற்சியும் தரலாம். 'தி லெட்டர்' கதையின் இரவை, வெடியோசை கேட்டு விழித்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் கூற்றாக எழுதச் சொல்லுங்கள். கதை மறுநாள் விடியுமுன் தொடங்கட்டும். பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கின்றனர். கங்காணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். மேட்டுப் பங்களாவில் இன்னும் விளக்கு எரிகிறது.